ஹார்ட் டிஸ்க்கில் மாமனார் பங்கு

ஊசிக்காரி என்றதும் யாரையும் குத்திப் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியைக் கண்டதும் மயங்கி விழத் தயாராக வருகிற ஆட்களிடம் அவள் பாட்டுக்கு ஒரு கதையை எடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போன கதை, தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் செருப்பு மாறிப்போன கதை, வாயில் வந்ததெல்லாம். அவர்கள் "அப்புறம்?" என்று கேட்கும்போது ரத்தம் குழாயில் ஏறி மூடியும் போட்டாகியிருக்கும். தெருவில் எல்லோரும் வைத்த பெயர்தான் ஊசிக்காரி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படி ஒருநாள் கையை நீட்டி உட்கார்ந்தவர், ஒலிப்புத்தகம் வெளியிடுகிற ஓர் அம்மாள். செருப்பு மாறிய கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஊசி எப்போ போட்டீங்க?" என்று கேட்டார். மறுவாரமே ஒரு சின்ன நாவலைக் கையில் கொடுத்து, வீட்டிலேயே படித்துப் பதிவு செய்து தரச் சொல்லிவிட்டார். மொத்தம் பதினைந்து அத்தியாயம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மொத்தமாக வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறொருவர் குரலில் புத்தகம் போகும், அந்த வேறொருவர் தயாராகவே இருக்கிறார். இதை அந்த அம்மாள் மிகவும் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் ஊசிக்காரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

துணி அலமாரி இருக்கிற சின்ன அறைதான் அவளுடைய ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் போர்வை, ஜன்னலில் மெத்தை, நடுவே ஒரு மைக். கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் நிற்கும். மாமனார் வெளியே போய்விட வேண்டும். அவர் நூற்பு மில்லில் முப்பத்திரண்டு வருஷம் எந்திரங்களுக்கு நடுவே நின்றவர். காது பாதிக்கு மேல் போய்விட்டது, தொண்டை மட்டும் மில்லில் இருந்தது போலவே இருக்கிறது. அவர் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து வருவார்கள். காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். காதுக்குள் பூச்சி கத்துகிறது என்று கழற்றி எறிந்துவிட்டார். ஆகவே சிவப்புத் துண்டு தொங்கியதும் அவர் தன் பாட்டுப் பெட்டியையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவார். வெற்றிலைப் பெட்டி அளவு கருப்புப் பெட்டி அது. நகத்தளவு கார்டைச் செருகினால் பாடும். ஒலியை முழுசாக வைத்துக் கேட்பார். மருமகள் அந்த அறைக்குள் என்ன செய்கிறாள் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமை வரை பதினான்கு அத்தியாயம் ஆகிவிட்டது. பதினைந்தாவதைத் தொடங்கி இரண்டு பக்கம்கூடத் தாண்டவில்லை, கம்ப்யூட்டர் நின்றது. இடம் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. அதற்கு முன்பே ஒரு வாரமாகப் பதிவில் அங்கங்கே 'டிக், டிக்' என்று சத்தம் விழுந்து, அவள் ஒரே வரியை நாலு தடவை படித்துக்கொண்டிருந்தாள். உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

கொழுந்தன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். வீட்டில் அவன் சின்னவன். ஞாயிறு காலை எட்டு மணிக்கே பழைய வெளி டிஸ்க் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். திரையைப் பார்த்தான், தலையில் கை வைத்தான்.

"அண்ணி, இது கம்ப்யூட்டரா, பஸ் ஸ்டாண்டா? எல்லாரும் ஒரே ஹால்ல படுத்துக் கிடக்கீங்க. உங்க குரல் இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டுன்னு கிடைச்ச சந்துல ஒண்டிக்கிட்டிருக்கு. டிஸ்க்கு ஓடி ஓடிப் பொறுக்கிட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. அதான் டிக் டிக்."

"இப்ப என்ன பண்றது?"

"சுவர் எழுப்பணும். சிஸ்டத்துக்கு ஒரு ரூம், உங்க பதிவுக்குன்னு பெரிய ரூம் ஒண்ணு, மத்ததுக்கெல்லாம் ஒரு மூலை. உங்க ரூமுக்குள்ள ஒருத்தனும் காலை வைக்கக் கூடாது."

இவ்வளவு இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், வேறு யார், அவள் கணவன்தான். அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வேன் கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறான். இரண்டு வருஷமாக ஓட்டிய ஒவ்வொரு நாளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். யாராவது ஒருநாள் 'நீதான் என் காரை உரசினே' என்று வந்தால் காட்டுவதற்காம். இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

"அண்ணா, ஒரே ரோடு, ஒரே திருப்பம், ஒரே நாய் குறுக்க வருது. இதை ரெண்டு வருஷம் வெச்சு என்ன பண்ணப் போறே?"

"அந்த நாய் இப்போ இல்லடா. போன வருஷம் வரைக்கும்தான் வரும்" என்றான் கணவன். ஒரு நாளைக்கூட அழிக்கச் சம்மதிக்கவில்லை. அரை டிஸ்க் தனக்கு வேண்டும் என்றான். ஊசிக்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கால் டிஸ்க்குக்கு இறங்கி வந்தான்.

அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். மூன்று பேரும் ஏதோ பங்கு போடுகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

"எனக்கு?" என்றார். ஜன்னலில் இருந்த புறா பறந்துபோனது.

"அப்பா, நீங்கதான் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டீங்களே!" என்று சின்னவன் கத்தினான்.

"தொடலைன்னா? இந்த வீட்ல எனக்குப் பங்கு கிடையாதா? எழுது, அப்பான்னு ஒரு ரூம் எழுது!" என்று பாட்டுப் பெட்டியிலிருந்து கார்டைப் பிடுங்கி மேஜைமேல் டப்பென்று வைத்தார். "இதுல இருக்கிற பாட்டெல்லாம் உள்ள ஏத்து. நாளைக்கு இந்தப் பெட்டி ரிப்பேராச்சுன்னா நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நியாயம்தானே என்று ஊசிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் ஒரு ரூம் எழுதினார்கள்.

சின்னவன் வேலையை ஆரம்பித்தான். டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். முதலில் அப்பாவின் பாட்டு ஏறியது. அடுத்து அண்ணனின் வேன் ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, வெளி டிஸ்க்கின் கழுத்துவரை நிறைந்துவிட்டது. அண்ணியின் பதினான்கு அத்தியாயத்துக்கு அதில் இடமில்லை. சின்னவன் சுற்றிலும் பார்த்தான். மேஜைமேல் கார்டு கிடந்தது. பாட்டுத்தான் பத்திரமாக மாறிவிட்டதே, இனி கார்டு காலிதானே? அதுவும் புதுக் கார்டு, பழைய டிஸ்க்கைவிட நம்பகமானது. கார்டைத் துடைத்து அதில் பதினான்கு அத்தியாயத்தையும் ஏற்றினான். 'அண்ணியோட உயிர் இதுல இருக்கு' என்று கார்டை ஒரு தாள்மேல் தனியாகவும் வைத்தான். அவன் செய்த கடைசி புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

குளித்துவிட்டு வந்த மாமனாரிடம், "அப்பா, கார்டுல அண்ணி வேலை இருக்கு, தொடாதீங்க" என்று சொல்லவும் சொன்னான். திரையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணக் குரலில் சொன்னான். பெற்ற மகனே இப்படி மறந்தால் யாரை நோவது? அவர் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுக் கார்டைப் பெட்டியில் செருகினார், இயர்போனைக் கழுத்தில் போட்டார், நடையைக் கட்டினார்.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. புதுச் சுவர்கள், புது ரூம்கள். பதிவுக்கென்று ஒதுக்கிய ரூம் பெரிதாக, காலியாக, பளிச்சென்று இருந்தது. ஊசிக்காரி அதற்கு 'குரல்' என்று பெயர் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு தனி அறை கிடைத்த மாதிரி இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். அலமாரி அறையில்கூடப் பாதிக்குக் கணவனின் சட்டைகள்தான்.

"இப்ப அத்தியாயத்தை உள்ள வைங்க தம்பி."

"இதோ அண்ணி." சின்னவன் மேஜையைத் தடவினான். தாளைத் தூக்கினான். தாளை உதறினான். கீழே குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. முகத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுகிற தொழில் ஊசிக்காரிக்கு.

"தம்பி?"

"கார்டு இங்கதான் வெச்சேன் அண்ணி."

"எந்தக் கார்டு?"

அவன் சொன்னான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவன் மேஜையை நகர்த்தினான், சோபாவைக் கவிழ்த்தான், சம்பந்தமே இல்லாமல் அடுப்படி டப்பாக்களைத் திறந்து பார்த்தான். சின்னவன் தன் சட்டைப் பையை ஏழு தடவை வெளியே இழுத்துவிட்டான். அண்ணனின் வேன் மட்டும் வெளி டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தது. ஊசிக்காரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அன்று அந்த வீட்டில் வேறொரு பாகப்பிரிவினை நடந்திருக்கும்.

திடீரென்று கணவன் நின்றான். "அப்பா பாட்டுப் பெட்டியை எடுத்துக்கிட்டா போனாரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் தெருவில் இருந்தார்கள்.

மாமனாரிடம் போன் கிடையாது. இருந்தாலும் கேட்காது. ஊசிக்காரி வீட்டுச் செருப்போடு ஓடினாள். மருந்துக் கடை, சலூன், பூட்டியிருந்த வங்கி எல்லாம் தாண்டினாள். தன்னிடம் ரத்தம் கொடுத்த ஆட்கள் இருவர் வணக்கம் சொன்னார்கள், பதில் சொல்லவில்லை. அவள் மனசில் ஒன்றுதான் ஓடியது. பாட்டு வரவில்லை என்று அவர் கோபத்தில் எல்லா பட்டனையும் அழுத்தியிருப்பார். அந்தப் பெட்டியில் அழிக்கிற பட்டனும் உண்டு. கார்டு கெட்டுப்போச்சு என்று கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தாலும் போட்டிருப்பார். ஆறு மணிக்குள் பதினைந்து அத்தியாயம் படிக்க மனுஷியால் ஆகாது. எல்லாம் போச்சு. இனி ஜென்மத்துக்கும் சிரிஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டே பூங்கா வாசலில் திரும்பினாள்.

உள்ளே நுழையும் முன்பே அவர் குரல் வந்தது.

"எங்க போனே? சொல்லு, எங்க போனே?"

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சுக்காரர் எழுந்து தூரப் போய் உட்கார்ந்திருந்தார். ஓடி வந்த மூன்று பேரையும் பார்த்ததும் மாமனாருக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

"டேய் சின்னவனே, நல்ல நேரத்துக்கு வந்தே. இதைப் பாரு, பதினாலோட நின்னுடுச்சு. அடுத்தது எங்கடா?"

"அப்பா, நீங்க எதையும் அழிக்கலையே?"

"என்ன?"

"அழிக்கலையே!"

"எதுக்குடா அழிக்கிறேன்? பைத்தியமா? காலையில வந்து உட்கார்ந்து போட்டா, பாட்டு ஒண்ணையும் காணோம். யாரோ ஒரு பொண்ணு கதை சொல்றா. சரி, ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு நிறுத்திடலாம்னு பார்த்தேன். நிறுத்த மனசே வரல. ஒரு தபால்காரப் பொண்ணு, அவ கையில ஒரு கடிதம், மழையில நனைஞ்சு விலாசம் அழிஞ்சுபோச்சு. அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையறா. எனக்குச் சோறு தண்ணி எதுவும் ஞாபகம் வரல. இப்போ அந்த வீட்டுக் கதவைத் தட்டிட்டா, உள்ள காலடிச் சத்தம் கேட்குதுங்கறா, அதோட போயிட்டா! கதை சொல்ற லட்சணமா இது? கூப்பிடுடா அவளை!"

ஊசிக்காரி பெட்டியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"மாமா, அது நான்தான்" என்றாள்.

"என்னம்மா?"

"அந்தக் கதை சொல்றது நான்தான் மாமா!"

அவர் அவளைப் பார்த்தார், மகன்களைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். புரியவில்லை. ஆறு வருஷமாக அவள் குரல் அவருக்கு ஒரு முணுமுணுப்பாகத்தான் எட்டியிருக்கிறது. கையசைவையும் உதட்டசைவையும் வைத்துத்தான் காபியா, சாப்பாடா என்று தெரிந்துகொள்வார். அவள் ஒரு இயர்போனை அவர் காதில் வைத்தாள், இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பதினான்காவது அத்தியாயத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். பிறகு அவருக்கு நேரே திரும்பி, பதிவோடு சேர்த்து, சொல்லுக்குச் சொல், வாயைத் திறந்து சொன்னாள்.

"மலைப்பாதை முடிகிற இடத்தில் அவள் பையை இறக்கி வைத்தாள். கடிதம் இன்னும் காயவில்லை. அதை எடுத்து வெயிலில் பிடித்தாள்."

மாமனார் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காதில் கேட்கிற குரலும் கண்முன் அசைகிற உதடும் ஒன்றாகப் போவதைப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது. கண் நிறைந்துவிட்டது.

"ஏம்மா" என்றார். அவர் வாழ்நாளிலேயே மெதுவாகப் பேசிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். "ஆறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். உன் குரல் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

கணவன் வேறு பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தான். சின்னவன் மூக்கை உறிஞ்சினான். நல்லவேளையாக அந்த நிலைமை நீடிக்கவில்லை.

"சரி, கதவு திறந்துச்சா இல்லையா?" என்று மாமனார் பழைய தொண்டைக்கு வந்துவிட்டார்.

"இன்னும் படிக்கலை மாமா. அது பதினைஞ்சாவது."

"படிக்கலையா? அப்புறம் இங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றே? எழுந்திரு, எழுந்திரு!" என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். மூன்று பேரும் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

பதினான்கு அத்தியாயமும் புது ரூமுக்குள் குடியேறின. ஒன்றுகூடக் குறையவில்லை. மணி மூன்று. ஊசிக்காரி சிவப்புத் துண்டைக் கதவில் மாட்டப்போனபோது, உள்ளே நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வெளிய வாங்க. நீங்க மூச்சுவிட்டாலே பதிவுல விழும்" என்றான் கணவன்.

"இருக்கட்டும்" என்றாள் ஊசிக்காரி. மைக்கிலிருந்து வருகிற ஒலி நேரே காதுக்குப் போகும்படி பெரிய ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். ஒலியை முழுசாக வைத்தாள். "மாமா, வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம்?"

அவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

இத்தனை நாளும் அவள் போர்வையைப் பார்த்துத்தான் படித்தாள். போர்வை என்ன சொல்லும்? பிழையில்லாமல் படித்தாள், அவ்வளவுதான். பரிசோதனை நிலைய நாற்காலியில் கையை நீட்டியவர்களிடம் பேசுகிற அந்தப் பேச்சு இந்த அறைக்குள் வரவே இல்லை என்று அவளுக்கே தெரியும், யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது எதிரே ஒரு முகம் இருந்தது. காலடி நெருங்கியபோது அந்தப் புருவம் ஏறியது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டபோது மூச்சு நின்றது. அவள் புத்தகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். கதவு திறந்தது. நிற்பவர் யார் என்று சொல்லும் முன் அவள் ஒரு கணம் நிறுத்தினாள். புத்தகத்தில் அங்கே கமாகூட இல்லை. அவர் தாங்கமாட்டாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடிதம் கைமாறியது. அவர் கன்னத்தில் ஓடிய நீர், பொத்தியிருந்த விரல்களின்மேல் இறங்கியது. ஆனால் மனிதர் ஒரு சத்தம் போடவில்லை. மில்லில் இருந்து வந்தபிறகு அவர் முழுசாகப் பதினெட்டு நிமிஷம் அமைதியாக இருந்தது அன்றுதான்.

டிக் என்று ஒரு சத்தம்கூடப் பதிவில் விழவில்லை. ஐந்தே காலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. நான்கு பேரும் கவிழ்ந்த சோபாவை நிமிர்த்தி வரிசையாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏழு மணிக்குப் பதிப்பக அம்மாளிடமிருந்து போன் வந்தது. ஊசிக்காரி எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"புத்தகம் உங்களுடையதுதான், அதுல சந்தேகமே வேண்டாம்" என்றார் அம்மாள். "ஆனா ஒரு கேள்வி. கடைசி அத்தியாயத்தை யாருக்கும்மா படிச்சீங்க?"

"என் மாமனாருக்குங்க."

"அப்படியா! நான் அழுதுட்டேன். இப்போ பிரச்சினை என்னன்னா, அதைக் கேட்ட காதால மத்த பதினாலையும் கேட்க முடியல. வெளியீட்டை ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கறேன். அந்தப் பதினாலையும் அவருக்கே இன்னொரு தடவை படிச்சுத் தர முடியுமா?"

சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான். கணவன் சிரிக்க ஆரம்பித்தான். இந்தப் பதினான்குக்குத்தானே காலையிலிருந்து தெருவெல்லாம் ஓடினோம் என்று நினைத்ததும் ஊசிக்காரிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பிடிக்க முடியவில்லை. மாமனாருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னவாம்? என்ன சொல்றா அந்த அம்மா?"

ஊசிக்காரி அவர் காதருகே குனிந்தாள். "மாமா! முதல்லேருந்து உங்களுக்குப் படிக்கணுமாம்!"

"முதல்லேருந்தா?" மாமனார் முகம் மலர்ந்தது. ரொட்டித் துணுக்குகளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார். நேரே அலமாரி அறைக்குள் போனார். உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"வாம்மா!" என்றார்.